ஆளுக்கொரு வேல்

முருகனைக் கும்பிடுகிறவர்களுக்கும், கும்பிட்டுக் கும்பிட்டுச் சலித்துப்போனவர்களுக்கும் என் வணக்கம். நானும் சலித்துப்போய் இருந்தவள்தான். ஆகையால் இரண்டாவது கூட்டத்துக்கே முதலில் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்து, கருப்பை வாயில் ஒரு மருந்தைத் தடவிவிட்டு டாக்டரம்மா காத்திருந்தார். வினிகர் நாற்றம் அடித்தது. ஆரோக்கியமான இடமாக இருந்தால் நிறம் மாறாதாம். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியுமாம். எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அதை அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே ஹெச்.ஐ.வி. இருக்கிறது.

எப்படி வந்தது என்று சிலர் இப்போதே மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கியிருப்பீர்கள். அந்தக் கணக்கை நான் என்றைக்கோ போட்டுக் கிழித்துவிட்டேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது. எங்கள் மகளுக்கு இல்லை. பல வருடங்களாக இரண்டு பேரும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறோம், நன்றாக இருக்கிறோம். நாங்கள் இருப்பது தீவில். அவர் வண்டூரில் டூரிஸ்ட் போட்டில் எஞ்சின் பார்க்கிறார். நான் மரைன் ஹில் ஏற்றத்தில் இருக்கும் எங்கள் முருகன் கோயில் வாசலில் பூ விற்கிறேன். மெயின்லேண்டிலிருந்து காலை ஃபிளைட்டில் தெர்மாகோல் பெட்டியில் மல்லிகையும் சம்பங்கியும் வரும். மழைக்கு ஃபிளைட் ரத்தானால் அன்றைக்கு முருகனுக்கு அரளியும் செம்பருத்தியும்தான். எங்கள் வியாதி இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரை டப்பாவின் லேபிளைச் சுரண்டிவிட்டு, மாத்திரையைக் காப்பித்தூள் டின்னில் போட்டு வைத்திருந்தோம். சாமிக்குப் பூக்கட்டும் கை. தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மாத்திரை வாங்கும் இடத்தில் கவுன்சலராக இருப்பவர் ஒரு பெங்காலி அம்மா. தீதி என்றுதான் கூப்பிடுவேன். என்னைச் சோதனைக்குப் பிடித்துத் தள்ளியவர் அவர்தான். எனக்கு வலியில்லை, உதிரப்போக்கில்லை, எதற்கு இந்தக் கண்றாவி என்று கேட்டிருந்தேன். அன்றைக்கு வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹிந்தியில் விளக்கினார். இந்தப் புது வைரஸின் பெயர் ஹெச்.பி.வி. புருஷன் பெண்டாட்டி சேர்க்கையில் தொற்றுவது, ரொம்பப் பேருக்கு வந்து தானாகவே போய்விடுவது. ஆனால் எங்களைப் போல எதிர்ப்புச் சக்தி அடிவாங்கிய உடம்பு கிடைத்தால் போகாமல் உட்கார்ந்துகொள்ளும். சத்தமே இல்லாமல் வருடக்கணக்கில் இருந்து, கருப்பை வாயில் புற்றுநோயாக மாறக்கூடும்.

"டரோ மத், பெஹன். ஜல்தி பத்தா சலா, அச்சா ஹுவா" என்றார். பயப்படாதே, சீக்கிரம் தெரிந்தது நல்லதுக்குத்தான் என்கிறார். எனக்கு அதில் நல்லது ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்னத் துண்டைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று அது வந்தால்தான் தெரியும் என்றார்கள்.

காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய வியாதி. அந்த வாரம் முழுக்க மழை. ஃபிளைட் வரவில்லை, பூ வரவில்லை. வெறும் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தலையை ஒழுங்காகப் பின்னத் தெரியாது. நான் போய்விட்டால் யார் பின்னிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், எழுந்து நேரே சன்னதிக்குப் போனேன்.

அடியார்கள் என்னை மன்னிக்கவேண்டும் என்று சொல்லமாட்டேன், அவனே கோபித்துக்கொள்ளவில்லை. நான் மன்றாடவில்லை, சண்டை போட்டேன். உன் தோளில் ஏறின மாலையெல்லாம் யார் கட்டியது, உனக்குக் கண் இருக்கிறதா இல்லையா, ஒன்று கொடுத்தாயே அது போதாதென்று இரண்டாவதா என்று கேட்டேன். ஒரு வார்த்தைகூட மனதுக்குள் கேட்கவில்லை, வாய்விட்டே கேட்டேன். கடைசியில், "இது புற்றுநோயா இருக்கக்கூடாது. நீ அதைச் செஞ்சு குடு. பங்குனி உத்திரத்துக்கு நான் நாக்குல வேல் குத்திக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் நாகம்மா அக்கா நின்றிருந்தார். குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவர், பால்குடம் எடுக்கும் பெண்களுக்குத் தலைவி. முன்னால் பேசியதெல்லாம் மழைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. வேண்டுதல் மட்டும் விழுந்தது. "அரே, நாக்குலயாடி? பெரிய வேண்டுதலாச்சே" என்று என் தலையில் விபூதியை அள்ளிப் போட்டார். எதற்காக என்று கேட்டதற்கு உடம்புக்கு என்று மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் எங்கள் வரிசை முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது.

மார்கழியில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தின கட்டம், விட்டிருந்தால் மாறியிருக்கும், இப்போதே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தீதி வந்து தூக்கினார். தை மாதம் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, கரண்ட் ஓடுகிற மெல்லிய கம்பி வளையத்தால் கெட்ட பகுதியை மட்டும் வழித்தெடுத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் நீர் மாதிரி பட்டுக்கொண்டிருந்தது, பாரம் தூக்கவேண்டாம் என்றார்கள். பூக்கூடை என்ன பெரிய பாரமா. ஆனாலும் வீட்டுக்காரர்தான் சுமந்தார்.

கேட்டதைக் கொடுத்துவிட்டான். இத்தோடு இந்தச் சாட்சியை முடித்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் வேண்டுதல் பாக்கி இருந்ததே.

மாசி மாதம் ஒரு காலை வேலுச்சாமி அண்ணன் கடைக்கு வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பங்குனி உத்திரத்தன்று எல்லோருக்கும் அலகு குத்துவது அவர் கைதான். கையில் கதம்பத்தை வாங்கிக்கொண்டு, "உன்னையும் சேத்தாச்சு தங்கச்சி, பொம்பளைங்க வரிசையில நிக்கிற" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வருடா வருடம் என் கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஊர்வலம் முடிந்து வந்தவர் நாக்கிலிருந்து அண்ணன் வேலை உருவுவார். மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு, எலுமிச்சம்பழத்தில் ஒரு குத்து, கொஞ்சம் விபூதி. அடுத்த ஆள் நாக்கை நீட்டும். சின்ன வெள்ளி வேல் சிலதுதான், ஆட்கள் நிறைய. ஆண்டவனிடம் நான் வாக்குக் கொடுத்தது என் ரத்தம் தொடுகிற ஒரு காரியத்தை. வேறு எதையாவது கேட்டிருக்கக்கூடாதா இந்த வாய்.

தீதியிடம் ஓடினேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதால் என் ரத்தத்தில் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, ஆனாலும் ஊசியோ வேலோ ஒருவர் உடம்பில் ஏறியதை இன்னொருவர் உடம்பில் ஏற்றவே கூடாது என்றார். என்னால் மற்றவருக்கு என்பது மட்டுமில்லையாம். மற்றவரிடமிருந்து மஞ்சள்காமாலைக் கிருமி மாதிரி ஏதாவது எனக்கும் வரலாமாம். புதுசாக, சுத்தமாகக் கொதிக்கவைத்த வேல் என்றால் உன் இஷ்டம், பழையது என்றால் கண்டிப்பாகக் கூடாது என்று முடித்தார்.

வீட்டுக்காரர் சுலபமான வழி சொன்னார். தனியாக ஒரு வேல் வாங்கிக்கொள், பழனியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். நல்ல யோசனைதான். இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மண்டை சும்மா இருக்கவில்லை. எனக்கு இருப்பது எனக்குத் தெரியும். நானே யாருக்கும் சொல்லாமல் டின்னுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறேன். அந்த வரிசையில் என்னைப் போல ஒளித்து வைத்திருப்பவர்களும், தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் இருந்தால்? நான் பழனி வேலோடு பத்திரமாகப் போய்விடுவேன். எனக்குப் பின்னால் நிற்கிறவள்? முருகன் எனக்கு உயிர் கொடுத்தது இப்படித் தந்திரமாகத் தப்பிப்பதற்கா என்று தோன்றியது.

வேலுச்சாமி அண்ணன் பட்டறைக்குப் போனேன். இந்த வருடம் ஆளுக்கொரு வேல் என்று வையுங்கள் அண்ணே, ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தாதீர்கள் என்றேன். முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை வருடமாகக் குத்துகிறேன், ஒருத்தருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா என்று கேட்டார். பிறகு அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"முருகன் வேல்ல நோவு ஒட்டும்ங்கிறியா? சாமி வாசல்ல உக்காந்து பூ விக்கிற பொம்பள பேசற பேச்சா இது?"

"வேல் முருகனோடது அண்ணே. ரத்தம் நம்மளோடது."

"உனக்கு என்ன அவ்ளோ கவலை? உனக்கு என்ன வந்துச்சு?"

அந்த இடத்தில் ஒரு பொய் எனக்குத் தயாராகவே இருந்தது. பேப்பரில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட தோரணை என்னைச் சுட்டது. எத்தனை வருடம் இந்தத் தலையைக் குனிந்தே பூக்கட்டுவது?

"எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு அண்ணே. அதான் கேக்கறேன்" என்றேன்.

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். நான் ரோட்டுக்கு வந்து நின்றேன். பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். தீவில் ஒரு செய்திக்குப் போக வேறு இடம் ஏது, எங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் என் கடையில் நின்று குழந்தைக்குப் பூ வைத்துவிட்டுப் போகிறவர்கள், பார்வையை மேலே கோபுரத்தில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். கீழே பஜாரில் பூ வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். ஒரு அம்மா மட்டும் நின்று, தப்பா நினைச்சுக்காதே, சாமிக்குப் போறது பாரு என்றார். தப்பாகத்தான் நினைத்தேன், அதை அவரிடமே சொன்னேன். நாகம்மா அக்கா எதிரில் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓரம் போனார். மெயின்லேண்ட் போய்விடலாமா, யாருக்கும் நம்மைத் தெரியாது என்று வீட்டுக்காரர் கேட்டார். போட்டில் அவரிடமும் யாரோ ஏதோ பேசியிருக்கிறார்கள். நான் பிறந்த ஊர் இது, ஒருத்தரும் வாங்காவிட்டாலும் நான் கடை போடுவேன் என்றேன்.

போட்டேன். தினமும் போட்டேன். விற்காத பூவையெல்லாம் மாலையாகக் கட்டி உள்ளே எடுத்துப்போனேன். குருக்கள் ஒரு நிமிடம் தயங்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்தவனைப் பார்த்துச் சொன்னேன். இது என் கை கட்டினது, பிடிக்கவில்லை என்றால் நீயே கழற்றிப் போடு என்றேன். குருக்கள் வாங்கிக்கொண்டு போய்ச் சாத்தினார். மாலை அங்கேயே இருந்தது. அந்த நாட்களில் முருகனுக்கு இருந்த அலங்காரம் அதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை.

பங்குனி பிறந்து ஒரு மதியம். நடை சாத்தியிருந்தது, தெருவில் ஆளில்லை. நாகம்மா அக்கா வந்து என் கடையில் உட்கார்ந்தார். பூ எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்ன விஷயம் என்று வெட்டிக் கேட்டேன்.

"எனக்கு நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சுடி. இப்ப மறுபடியும் படுது. ஆறு மாசமா" என்றார். சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "உன்னை ஏதோ டெஸ்ட் பண்ணாங்களாமே. அது எங்களுக்கெல்லாம் பண்ணுவாங்களா?"

ஹெச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் அந்த வைரஸ் வரும், எல்லாப் பெண்களும் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான் என்று சொன்னேன். நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றும் சொன்னேன், தீதி சொன்னதுதான். சொல்லிக்கொண்டே இருக்கும்போது மனதுக்குள் இன்னொன்றும் ஓடியது. ஓரம் போனாயே, இப்போது ஏன் வந்தாய் என்று கேட்கலாம் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கார்த்திகை மாதத்தில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். கூடையை மூடிவிட்டு ஆட்டோ கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிடுகிறவரை அக்கா என் கையை விடவில்லை, என் கையைத்தான் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தாரோ இல்லையோ. அங்கே அவருக்கு என்ன தெரிந்தது, பிறகு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவருடைய கதை. சொல்ல நினைத்தால் அவர் சொல்லட்டும். இன்றைக்கு இருக்கிறார், பால்குடம் எடுக்கிற பெண்களை முன்போலவே அதட்டுகிறார்.

பங்குனி உத்திரம் வந்தது. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, மகள் தலையைப் பின்னிவிட்டு, பெண்கள் வரிசையில் போய் நின்றேன். வேல் பழையதாக இருந்தால் சன்னதி வாசலில் உட்கார்ந்துவிடுவது, ஒருவரையும் குத்தவிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் வரிசையைவிட்டுப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். நாகம்மா அக்கா குடத்தோடு வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

வேலுச்சாமி அண்ணன் வந்தார். கையில் பெரிய பிரஷர் குக்கர். எல்லோரும் பிரசாதம் என்று நினைத்தார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே வேல். புத்தம் புதிய சின்னச் சின்ன எஃகு வேல், அவர் பட்டறையில் அவரே இழைத்தது, ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில் சுற்றியிருந்தது. வீட்டில் வைத்து விசில் வரவர வேகவைத்திருக்கிறார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"உனக்காகப் பண்ணலை. என் மக மெட்ராஸ்ல நர்சிங் படிக்குது, அதுகிட்ட போன்ல கேட்டேன். அதுவும் உன்னாட்டமே கத்துச்சு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. விரதத்தில் இருக்கிறேன் என்று அடக்கிக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் கை உறையை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. நாக்கை நீட்டினேன். வலிக்காது என்பார்கள், வலித்தது. ரத்தம் வராது என்பார்கள், எனக்கு ஒரு பொட்டு வந்தது. அண்ணன் அந்தப் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஞ்சால் துடைத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, "போம்மா, நல்லாப் போயிட்டு வா" என்றார். மரைன் ஹில் ஏற்றம் முழுக்க வெறுங்காலோடு நடந்தேன். தார் சுட்டது. திரும்பிவந்ததும் வேலை உருவி, கழுவி, என் உள்ளங்கையிலேயே வைத்தார். அன்றைக்கு யாருடைய வேலும் இன்னொருவர் நாக்குக்குப் போகவில்லை. போன பங்குனியிலும் அப்படியே நடந்தது.

இந்தத் தையில் மறுபடி சோதித்தார்கள். வெள்ளை எதுவும் தெரியவில்லை, அந்த வைரஸும் இல்லை. ஆனாலும் விடாமல் அடிக்கடி பார்த்துக்கொள்ளவேண்டும், நானும் விடப்போவதில்லை. மகளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டாயிற்று. பூ வியாபாரம் முன்போல் முழுதாகத் திரும்பவில்லை, முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. மாத்திரை இப்போது காப்பித்தூள் டின்னில் இல்லை, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

டாக்டர்தானே காப்பாற்றினார், முருகன் என்ன செய்தான் என்று ஒருவர் கேட்டார். கிள்ளியெடுத்த கை டாக்டரம்மாவுடையது, தள்ளிக்கொண்டு போன கை தீதியுடையது. அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் பட்டறை வாசலில் என் வாயைத் திறந்தது யார்? அந்தத் தைரியம் என் சொத்து இல்லை, எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டு விபூதி மட்டும் பூசு என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர்களைத் தயவுசெய்து என் கடைக்கு அனுப்புங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

என்னைப் போன்ற பெண்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒன்று போதாதா, இன்னும் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று பயந்துதானே சோதனைக்குப் போகாமல் இருக்கிறீர்கள்? போங்கள். வலியில்லாதபோதே போங்கள். போவதற்கு முன் அவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள், முடியவில்லை என்றால் சண்டை போடுங்கள், அதையும் கேட்டுக்கொள்கிறவன்தான். துணைக்கு ஆள் இல்லையென்றால் கோயில் வாசலுக்கு வாருங்கள், கூடையை மூடிவிட்டுக் கூட வருகிறேன்.

விழா மலரில் இதைப் போடச் சம்மதித்த கமிட்டிக்காரர்கள் நல்லவர்கள். பெயர் வேண்டாம், உங்களுக்குத்தான் கஷ்டம், 'ஒரு பக்தை' என்று போட்டுவிடுவோம் என்றார்கள். அந்தப் பக்தை யார் என்று எனக்குத் தெரியாது, நான் எழுதியதற்கு என் பெயரைப் போடுங்கள் என்றேன்.

காந்திமதி, பூக்கடை, கோயில் வாசல்.